பிளக் உள்ள போகுது சரி, பின்னாடி இருக்குற லைன் தாங்குமா?

போன ஐப்பசி மழை சமயத்துல எங்க வீட்டு கிச்சன்ல ரெண்டு நாளா மீன் வாடை. அந்த வாரம் நாங்க மீனே வாங்கல. அம்மா சிங்க்கை தேய்ச்சு கழுவுனாங்க, குப்பை டப்பாவை வெளிய வச்சாங்க, அப்புறம் கீழ் வீட்டுக்காரங்க மேல சந்தேகப்பட ஆரம்பிச்சாங்க. மூணாவது நாள் நான் இண்டக்ஷன் அடுப்புல பால் காய்ச்சிட்டு பிளக்கை புடுங்கப் போனா கை வைக்க முடியல, அவ்ளோ சூடு. ஒரு துணியை சுத்திப் புடுங்கிப் பார்த்தா சாக்கெட்ல வலது பக்க ஓட்டையை சுத்தி பழுப்பு கலர்ல ஒரு வளையம், ஒரு ஓரத்துல அப்பளம் மாதிரி கொப்பளம் விட்டிருக்கு. பிளக்ல ஒரு பின் பித்தளை பளபளன்னு இருக்கு, இன்னொண்ணு அடுப்புல விழுந்த காசு மாதிரி கருத்துக் கிடக்கு. வாடை வந்தது அங்கிருந்துதான். சுவிட்ச், சாக்கெட் செய்யுற சில பிளாஸ்டிக் ரொம்ப சூடானா மீன் நாத்தம் மாதிரியே அடிக்கும், எரியறதுக்கு முன்னாடி வர்ற வாடை அது. வீட்ல காரணமே இல்லாம மீன் வாடை வந்தா முதல்ல சுவிட்ச் போர்டுகிட்ட போய் மோந்து பாருங்க.

எங்க வீடு திருச்சி உறையூர் பக்கம் பழைய வாடகை வீடு. கட்டுனப்போ இண்டக்ஷனும் இல்ல ஏசியும் இல்ல, நாலு டியூப்லைட் மூணு ஃபேன் ஒரு மிக்ஸி, அவ்ளோதான் கணக்கு. இப்போ அதே சுவத்துல நாம என்னென்னவோ சொருகுறோம். பிளக் உள்ள போயிடுச்சுன்னா பொருத்தம் முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சுக்குறோம், அங்கதான் எல்லா வம்பும். அந்த சாக்கெட் கருகுனப்போ வந்த வயர்மேன் அண்ணன் கூடவே நின்னு நான் கத்துக்கிட்டது, அதுக்கப்புறம் சொந்தக்காரங்க வீட்ல எல்லாம் போய் மூக்கை நுழைச்சு கத்துக்கிட்டது, ரெண்டையும் சேர்த்து அறிகுறி வாரியா எழுதுறேன்.

முதல்ல ஸ்டிக்கரைப் பாருங்க

எந்த சாமானா இருந்தாலும் பின்னாடியோ அடியிலயோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல எத்தனை வாட்ஸ்னு போட்டிருக்கும். அதை 230-ஆல வகுத்தா எத்தனை ஆம்ப்ஸ் இழுக்கும்னு வந்துரும். நம்ம ஊர்ல சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்ப்ஸ் (பழசுல 5னு போட்டிருக்கும்), பவர் பிளக்னு சொல்ற பெருசு 16 ஆம்ப்ஸ் (பழசுல 15). அதாவது சின்னதுல 1380 வாட்ஸ் வரைக்கும், பெருசுல 3680 வாட்ஸ் வரைக்கும், அதுவும் சாக்கெட் நல்லா இருந்து பின்னாடி வயரும் சரியா இருந்தா.

இப்ப வீட்டு சாமானை எல்லாம் கணக்கு போட்டா வேடிக்கையா இருக்கும். வெட் கிரைண்டர் கல்லையே சுத்துதே, பெருசா இழுக்கும்னு நினைப்போம், அது 150 வாட்ஸ் சுமார்தான், ஒரு ஆம்ப்ஸ் கூட கிடையாது. மிக்ஸி 750னா 3 ஆம்ப்ஸ் சொச்சம். அயர்ன் பாக்ஸ் 1000 வாட்ஸ்னா நாலே கால். ஆனா சத்தமே போடாம மூலையில உக்காந்திருக்கே எலக்ட்ரிக் கெட்டில், அது 1500 வாட்ஸ், ஆறரை ஆம்ப்ஸ், அப்பவே சின்ன பிளக்கோட எல்லையைத் தாண்டியாச்சு. இண்டக்ஷன் 2000 வாட்ஸ்னா 8.7 ஆம்ப்ஸ், ஸ்டோரேஜ் கீசரும் பெரும்பாலும் அதேதான், இன்ஸ்டன்ட் கீசர் 3000 வாட்ஸ்னா 13 ஆம்ப்ஸ். ஒன்றரை டன் ஏசி ஓடும்போது 7 ஆம்ப்ஸ் பக்கம். சுத்துற சாமானை விட சூடு பண்ற சாமான்தான் கரண்ட்டை தின்னும், இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டா பாதி பிரச்சினைக்கு ஸ்டிக்கரே பார்க்க வேணாம்.

சுவத்துக்குள்ள என்ன வயர் ஓடுதுன்னும் தெரியணும். லைட் ஃபேன் சின்ன பிளக்குக்கு ஒன்றரை எம்எம் (சதுர மில்லிமீட்டரைத்தான் இப்படி சொல்லுவாங்க), பவர் பிளக்குக்கு ரெண்டரை, ஏசி கீசருக்கு நாலு, இதுதான் இப்போ வழக்கம். ரொம்ப பழைய வீட்ல 1/18, 3/20ன்னு கேஜ் கணக்குல இழுத்திருப்பாங்க, அந்த வீட்ல போர்டை மட்டும் புதுசா மாத்தி வெள்ளையா பளிச்சுன்னு வச்சிருந்தா ஏமாந்துறாதீங்க.

பிளக்கை புடுங்கிப் பார்க்குறது, எம்சிபி (அளவுக்கு மேல கரண்ட் போனா தானா விழுற சுவிட்ச்) எப்போ விழுதுன்னு கவனிக்குறது, டெஸ்டர் வைக்குறது, இதெல்லாம் நாம பண்ணலாம். போர்டை கழட்டணும்னா மெயினை ஆஃப் பண்ணிட்டு தெரிஞ்சவங்கதான் கழட்டணும், ஈரக் கையோட எதையும் தொடாதீங்க.

பிளக் சூடாகுது, கருகுது, வாடை வருது

எங்க வீட்டு கதை இதுதான். இண்டக்ஷன் கூட வந்தது பெரிய பின் பிளக், எங்க கிச்சன் மேடைகிட்ட இருந்தது சின்ன சாக்கெட், அதனால கடையில ஒரு கன்வெர்ட்டர் வாங்கி நடுவுல சொருகிட்டோம். மேல பெருசு உள்ள போகும், கீழ சின்னது வெளிய வரும், விலையும் கம்மி. ஆனா அந்த கன்வெர்ட்டர் பின்னோட சைஸை மட்டும்தான் மாத்துது, சாக்கெட்டோட தாங்கும் சக்தியை மாத்தல.

சரி, எம்சிபி இருக்கே அது ஏன் விழல? அண்ணன் சொன்ன பதில்தான் எனக்கு கண்ணைத் திறந்துச்சு. அந்த லைனுக்கு போட்டிருந்தது 16 ஆம்ப்ஸ் எம்சிபி. அடுப்பு இழுக்குறது 9. எம்சிபிய பொறுத்தவரைக்கும் 9 ஆம்ப்ஸ்ங்கறது சும்மா உலாத்தல், அது எதுக்கு விழணும், ஆனா 6 ஆம்ப்ஸ் சாக்கெட்டுக்கு அது ஒன்றரை மடங்கு சுமை. எம்சிபி காப்பாத்துறது வயரைத்தான், சாக்கெட் கருகுறது அதுக்கு தெரியவே தெரியாது.

இதோட சாக்கெட் உள்ள இருக்குற பித்தளை கிளிப் பழசாகி விரிஞ்சிருந்தா இன்னும் மோசம். சின்னதா ஒரு கணக்கு சொல்றேன், கிளிப்பும் பின்னும் சரியா ஒட்டாம அங்க 0.3 ஓம் தடை வந்துச்சுன்னு வைங்க, 9 ஆம்ப்ஸ் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில மட்டும் 24 வாட்ஸ் சூடு. கடையில விக்குற சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ். அதைப் பத்த வச்சு சாக்கெட்டுக்குள்ள சொருகி வச்சுட்டு பால் காய்ச்சுற மாதிரிதான்.

என்ன பண்ணனும்னா, கருகுன சாக்கெட்டை மாத்தணும், கூடவே கருகுன பிளக்கையும் மாத்தணும். நிறைய பேர் சாக்கெட்டை மட்டும் புதுசா போட்டுட்டு அதே கருத்த பின்னை திரும்ப சொருகுறாங்க, அது புது கிளிப்பையும் ஒரு மாசத்துல கெடுத்துரும். சின்ன சாக்கெட்டை எடுத்துட்டு அதே இடத்துல 16 ஆம்ப்ஸ் போட்டா போதுமான்னா போதாது, பின்னாடி வர்றது ஒன்றரை எம்எம் வயர்னா, அதுவும் பக்கத்து போர்டுலேர்ந்து லூப் எடுத்த வயர்னா, தலைவலியை சாக்கெட்லேர்ந்து சுவத்துக்குள்ள தள்ளி விட்ட கதைதான். எம்சிபி பாக்ஸ்லேர்ந்து தனி லைன் இழுக்கணும். எங்க ஹவுஸ் ஓனர்கிட்ட இதை கேட்டப்போ மொதல்ல முடியாதுன்னாரு, அந்த கருகுன சாக்கெட்டை கையில குடுத்தேன், திருப்பித் திருப்பி பார்த்துட்டு பாதி செலவு நான் தர்றேன்னாரு. அதனால கழட்டுன சாக்கெட்டை தூக்கிப் போட்டுராதீங்க.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் இதே கணக்குதான். அதுல வர்ற வயர் பெரும்பாலும் 0.75 எம்எம், 6, 7 ஆம்ப்ஸுக்கு மேல தாங்காது, சிலதுல அதை விட மெலிசா போட்டிருப்பான். அதுல கெட்டில், ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் மூணையும் வரிசையா சொருக இடம் இருக்குறதால மூணையும் போடலாம்னு அர்த்தம் கிடையாது. மிச்ச வயரை அழகா சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைக்குறாங்க பாருங்க, சுருட்டுன வயர்ல சூடு வெளிய போக வழியில்லாம நடுவுல உருகும். அதிக லோடு போடும்போது முழுசா விரிச்சு விடுங்க.

பிளக் ஆடுது, உள்ள கர்ர்ருன்னு சத்தம் வருது

சின்ன மூணு பின் பிளக்ல மேல இருக்குற எர்த் பின் 7 மில்லிமீட்டர் தடிமன், கீழ ரெண்டும் 5. பெரிய பிளக்ல எர்த் கிட்டத்தட்ட 9, மத்த ரெண்டும் 7. இப்போ வர்ற சார்ஜர், ட்ரிம்மர், சில வெளிநாட்டு ஹேர் ட்ரையர் எல்லாம் டூ பின், அதோட பின் இன்னும் மெலிசு, பல சார்ஜர்ல 4 மில்லிமீட்டர்தான். அஞ்சுக்கு செஞ்ச ஓட்டையில நாலை விட்டா ஆடத்தான் செய்யும். போன் சார்ஜர்னா பரவாயில்ல, இழுக்குறது கொஞ்சூண்டு. ஆனா 1200 வாட்ஸ் ஹேர் ட்ரையரை அப்படி தொங்க விட்டா உள்ள பொறி பறக்கும், அந்த கர்ர்ர் சத்தம் அதுதான். அதுக்கு பின்னுக்கு கீழ பேப்பர் மடிச்சு வைக்குறது, பிளக்கு மேல புத்தகத்தை சாய்ச்சு வைக்குறது எல்லாம் நம்ம வீடுகள்ல நடக்குறதுதான், தயவுசெஞ்சு வேணாம். நல்ல மல்டி சாக்கெட்டா மாத்துங்க, இல்ல அந்த சாமானுக்கு ஒழுங்கான மூணு பின் பிளக் டாப் போடுங்க.

இன்னொரு பழக்கம், டூ பின் உள்ள போகலன்னா மேல எர்த் ஓட்டையில பேனாவை, ஸ்க்ரூ டிரைவரை விட்டு உள்ள இருக்குற மூடியை தள்ளிட்டு சொருகுறது. எர்த் பின் நீளமா இருக்குறதே அது மொதல்ல போய் எர்த்தை தொட்டுட்டு மத்த ரெண்டு ஓட்டையோட மூடியைத் திறக்கட்டும்னுதான். குழந்தை கையில கிடைக்குற கம்பி போகாம இருக்கத்தான் அந்த மூடி. நாம பேனா விட்டு திறக்குறதை அஞ்சு வயசு பையன் பார்த்துட்டே இருக்கான்.

எம்சிபி விழுது

இதுல எம்சிபி விழுதுன்னு சொன்னா மட்டும் பத்தாது, எப்போ விழுதுன்னு பார்க்கணும், அதுலயே முக்கால்வாசி விடை இருக்கு. உள்ள ரெண்டு ஏற்பாடு இருக்கு, ஒண்ணு சூடானா வளையுற ரெட்டை உலோகத் தகடு, அது மெதுவா வேலை செய்யும், இன்னொண்ணு காயில், அது பெரிய கரண்ட் வந்தா கண்ணிமைக்குறதுக்குள்ள தட்டிரும்.

சுவிட்ச் போட்ட நொடியே டப்புன்னு விழுந்தா ஷார்ட்டுன்னு சந்தேகப்படுங்க. அந்த சாமானை வேற ரூம்ல வேற லைன்ல போட்டும் விழுந்தா சாமான்ல கோளாறு, அங்க ஓடிட்டா வயரிங்ல கோளாறு. திரும்ப திரும்ப தூக்கி விட்டு டெஸ்ட் பண்ணாதீங்க, ஒருவாட்டி போதும்.

பத்து நிமிஷம், இருபது நிமிஷம் ஓடிட்டு விழுந்தா ஓவர்லோடு. அந்த லைன்ல என்னென்ன ஓடுதோ எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க. என் சித்தி வீட்ல வாஷிங் மெஷின் தினம் நல்லா ஓடும், ஞாயித்துக்கிழமை மட்டும் விழும். சித்தப்பா மெக்கானிக்கை கூப்பிட்டு போர்டு போயிடுச்சுன்னு முடிவு பண்ற நிலைமைக்கே வந்துட்டாரு. பார்த்தா ஞாயித்துக்கிழமைதான் பெட்ஷீட்டை ஹாட் வாஷ்ல போடுறாங்க, ஃப்ரண்ட் லோடு மெஷின்ல ஹீட்டர் மட்டும் 2000 வாட்ஸ் பக்கம், அதே நேரம் தலைக்கு குளிக்க அதே லைன்ல கீசரும் ஓடுது. 17 ஆம்ப்ஸுக்கு மேல. 16 ஆம்ப்ஸ் எம்சிபி அதை கொஞ்ச நேரம் தாங்கும், பாத்ரூமை ஒட்டுன பாக்ஸ்ல சூடும் சேர்ந்தா விழும். மெஷின் மேல ஒரு தப்பும் இல்ல. இப்போ குளிச்சு முடிச்சுட்டு துவைக்குறாங்க, அவ்ளோதான் ரிப்பேர்.

மோட்டாரோ ஏசியோ ஸ்டார்ட் ஆகுற அந்த நொடியில மட்டும் விழுந்தா, மோட்டார் ஸ்டார்ட்டிங்ல பல மடங்கு கரண்ட் இழுக்கும், பி டைப் எம்சிபி அதை ஷார்ட்டுன்னு நினைச்சு தட்டும். அந்த மாதிரி சாமானுக்கு சி டைப் போடணும், எம்சிபி முகத்துலயே நம்பருக்கு முன்னாடி அந்த எழுத்து இருக்கும்.

ஒண்ணு மட்டும் பண்ணவே பண்ணாதீங்க, 16 விழுதுன்னு 32 வாங்கி மாட்டுறது. பழைய ஃப்யூஸ் காலத்துல ஃப்யூஸ் கம்பி போனா தடி செம்புக் கம்பியை முறுக்கி விடுவாங்களே, அதோட புது வெர்ஷன் இது.

ஆர்சிசிபி விழுது, எம்சிபி எல்லாம் மேலதான் இருக்கு

மெயின் பக்கத்துல கொஞ்சம் அகலமா, டெஸ்ட் பட்டனோட இருக்குறது ஆர்சிசிபி, நம்மாளுங்க பழக்கத்துல ஈஎல்சிபின்னும் சொல்லுவாங்க. அதுக்கு லோடு பத்தி கவலையே இல்ல. ஃபேஸ்ல போன கரண்ட் முழுசா நியூட்ரல்ல திரும்பி வந்துச்சான்னு மட்டும் கணக்குப் பார்க்கும், வீட்டுக்கு போடுறதுல 30 மில்லி ஆம்ப்ஸ் குறைஞ்சா தட்டிரும், அந்த மிச்சம் யாரோ ஒருத்தர் உடம்பு வழியா மண்ணுக்கு போயிட்டு இருக்கலாம்ங்கறதால.

இது விழுந்தா எல்லாரும் பண்ற தப்பு, சுவிட்சை எல்லாம் ஆஃப் பண்ணிட்டு ஒண்ணொண்ணா போட்டு பார்க்குறது. சுவிட்ச் வெட்டுறது ஃபேஸை மட்டும்தான், நியூட்ரல் தொட்டுக்கிட்டேதான் இருக்கும். சாமானுக்குள்ள நியூட்ரலும் பாடியும் தொட்டா சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் விழும். அதனால பிளக்கையே புடுங்கணும், கீசர், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், அக்வா கார்டு, மாடியில மோட்டார், எல்லாம். எல்லாம் புடுங்குனதும் நின்னுச்சுன்னா ஒண்ணொண்ணா சொருகிட்டு வாங்க, எது சொருகுனப்போ விழுதோ அதுதான் ஆளு. எங்க பக்கம் போர் தண்ணி உப்பு, அதனால பெரும்பாலும் கீசர் காயில்தான் மாட்டும், மேல உப்பு படிஞ்சு ஓட்டு வெடிச்சு தண்ணியில கரண்ட் கசியும், ஆறுன கீசர்ல விழாது, கொஞ்ச நேரம் சூடானப்புறம்தான் விழும்.

எல்லாத்தையும் புடுங்கியும் விழுதுன்னா சுவத்துல ஈரம், இல்ல வெளிய மழையில நனையுற லைட், காலிங் பெல். மழை பெஞ்ச அன்னைக்கு மட்டும் விழுந்தா மொதல்ல கேட் லைட்டைப் பாருங்க.

இதுல ஒரு வினோதமான கேஸ் இருக்கு. இன்வெர்ட்டர் மாட்டுன மறுநாள்லேர்ந்து ஹால் லைட்டை போட்டாலே ஆர்சிசிபி விழுதுன்னா, லைட்ல கோளாறு இல்ல. இன்வெர்ட்டர் காரர் ஃபேஸை ஒரு பக்கத்துலேர்ந்தும் நியூட்ரலை வேற பக்கத்துலேர்ந்தும் எடுத்திருப்பாரு. போறது ஆர்சிசிபி வழியா, திரும்பி வர்றது அதை சுத்திக்கிட்டு வேற வழியா. கணக்கு இடிக்கும். 30 மில்லி ஆம்ப்ஸ்னா 7 வாட்ஸ் பல்பு போட்டாலே போதும். சில பேர் இதுக்கு தீர்வா ஆர்சிசிபியையே கழட்டி நேரா ஜாயின்ட் அடிச்சுட்டு போயிடுறாங்க, பிரச்சினை முடிஞ்சிடுச்சு சார்னு. ஒத்துக்காதீங்க, நியூட்ரலை பிரிச்சு குடுக்க சொல்லுங்க, அரை நாள் வேலைதான்.

தொட்டா சுர்ருன்னு அடிக்குது

இதுல ரெண்டு வகை. மெட்டல் பாடி லேப்டாப், டிவி பின்னாடி கேபிள் நுனி, இதெல்லாம் தடவுனா லேசா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். உள்ள இருக்குற பவர் சப்ளையில சின்ன ஃபில்டர் கெப்பாசிட்டர் ஃபேஸ் நியூட்ரல் ரெண்டுலேர்ந்தும் பாடிக்கு போட்டிருப்பான், எர்த் இல்லன்னா பாடி பாதி வோல்டேஜ்ல மிதக்கும், மல்டிமீட்டர் வச்சா 110 பக்கம் காட்டும், கரண்ட் ரொம்ப ரொம்ப கம்மி. உயிருக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா உங்க வீட்டு பிளக்ல எர்த் வரலங்கற செய்தியை அது தினமும் சொல்லிட்டு இருக்கு.

ரெண்டாவது வகை விளையாட்டு கிடையாது. ஃப்ரிட்ஜ் கைப்பிடி, வாஷிங் மெஷின் மேல் தகடு, அயர்ன் பாக்ஸ், பாத்ரூம் குழாய், இதுல வெடுக்குன்னு இழுத்தா அன்னைக்கே நிறுத்துங்க. சாமான்ல கசிவு இருக்கு, எர்த்தும் சரியில்லன்னு அர்த்தம், அதுக்கப்புறமும் ஆர்சிசிபி விழலன்னா அது இல்ல, இல்லன்னா வேலை செய்யாம இருக்கலாம்.

எர்த் இருக்கான்னு பார்க்க வயர்மேனுங்க டெஸ்ட் லாம்ப்னு ஒரு ஹோல்டர்ல குண்டு பல்பு வச்சிருப்பாங்க. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல வச்சா எவ்ளோ பிரகாசமா எரியுதோ அதே பிரகாசம் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல வரணும். மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சா எர்த் பேருக்கு இருக்கு. ஆர்சிசிபி இருக்குற வீட்ல பல்பை வச்ச உடனே அது விழுந்தா சந்தோஷப்படுங்க, எர்த் லைன் இருக்கு, ஆர்சிசிபியும் முழிச்சிட்டு இருக்கு. மல்டிமீட்டர் மட்டும் வச்சு 230 காட்டுதுன்னு நம்பாதீங்க, அது துளி கரண்ட்லயே காட்டிரும். வெளிய எர்த் பைப் குழி இருக்குமே, உப்பும் கரியும் போட்டு மூடுனது, சித்திரை வைகாசியில காஞ்சு போயிரும், ரெண்டு குடம் தண்ணி ஊத்துனாலே சில வீட்ல சரியாயிடும். எங்க வீட்ல அந்த குழி மேல யாரோ டைல்ஸ் ஒட்டி வச்சிருந்தாங்க.

இன்னொரு தில்லாலங்கடி வேலை இருக்கு, எர்த் இல்லாத சாக்கெட்ல எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு வயர்ல இணைச்சு விடுறது. சுர்ருங்கறது உடனே நின்னுரும், வந்தவருக்கு காசு குடுத்து அனுப்பிருவோம். என்னைக்காவது நியூட்ரல் அறுந்துச்சுன்னா ஃபேஸ் சாமான் வழியா வந்து நேரா பாடிக்கு ஏறும், ஃப்ரிட்ஜ் கதவே 230 வோல்ட் ஆயிரும். சாக்கெட்டை திறக்கும்போது அந்த துண்டு வயர் இருக்கான்னு கட்டாயம் பார்க்க சொல்லுங்க.

டெஸ்டர் எரியுது, ஆனா சாமான் ஓடல

ஒரு ஓட்டையில மட்டும் இல்லாம ரெண்டு ஓட்டையிலயும் டெஸ்டர் எரிஞ்சா பேய் இல்ல, நியூட்ரல் எங்கயோ கட். அதே லைன்ல ஏதோ ஒரு லைட் ஆன்ல இருக்கும், ஃபேஸ் அந்த லைட் வழியா நியூட்ரல் வயருக்கு வந்து நிக்குது, போக வழியில்ல. அந்த லைட்டையும் ஆஃப் பண்ணா ஒரு ஓட்டையில மட்டும் எரியும். போர்டுக்குள்ள நியூட்ரல் ஜாயின்ட் லூஸா இருக்கும், டேப் பிரிஞ்சிருக்கும். இந்த நிலைமையில நியூட்ரல்தானேன்னு யாரும் தொட்டுறக் கூடாது.

நேரா பார்த்தா எர்த் மேல, வலது பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல், அப்படித்தான் இருக்கணும். இடது பக்கம் மட்டும் எரிஞ்சா மாத்திக் குடுத்திருக்காங்க, சாமான் ஓடும், ஆனா சுவிட்ச் ஆஃப் பண்ணாலும் உள்ள ஃபேஸ் நிக்கலாம்.

லைட் டிம் அடிக்குது, இல்லன்னா திடீர்னு பளீர்னு எரியுது

ஃப்ரிட்ஜ் ஸ்டார்ட் ஆகுறப்போ ஒரு நொடி லைட் கண்ணடிச்சா சாதாரணம். மிக்ஸி ஓடுற முழு நேரமும் டிம்மா இருந்தா லைன்ல எங்கயோ லூஸ் ஜாயின்ட், இல்ல மெலிசு வயர். சாயங்காலம் ஆறுலேர்ந்து பத்து வரைக்கும் ஃபேன் சோம்பலா சுத்துது, தெருவுல எல்லார் வீட்லயும் அப்படித்தான்னா தெரு லைன் பிரச்சினை, அதுக்கு ஃப்ரிட்ஜ் ஏசிக்கு ஸ்டெபிலைசர் போட்டுட்டு ஈபியில எழுதிக் குடுக்கணும்.

ஆனா சில ரூம்ல டிம், சில ரூம்ல பல்பு கண்ணைக் கூசுற மாதிரி வெள்ளையா, ஃபேன் ரெக்கை கட்டி பறக்குதுன்னா ஒரு நொடி யோசிக்காதீங்க, ஓடிப்போய் மெயினை ஆஃப் பண்ணுங்க. நியூட்ரல் அறுந்திருக்கு, 230 வர வேண்டிய இடத்துல 400 வோல்ட் வரைக்கும் ஏறலாம். டிவி, ஃப்ரிட்ஜ் போர்டு, எல்இடி பல்பு எல்லாம் வரிசையா போறது இந்த ஒரு கோளாறுலதான். மூணு ஃபேஸ் வீட்லதான் வரும்னு இல்ல, சிங்கிள் ஃபேஸ் வீடா இருந்தாலும் தெருக் கம்பத்துல நியூட்ரல் போனா இதே கதைதான், பக்கத்து வீடுகளோட சேர்ந்து மாட்டிப்போம். லைன்மேன் நம்பர் எடுக்கலன்னா ஈபியோட புகார் மையம் மின்னகம் 94987 94987. பக்கத்து வீட்டு கதவையும் தட்டி சொல்லிட்டு வாங்க.

இன்வெர்ட்டர் பீப் பீப்னு கத்துது

சுருக்கமா முடிச்சுடுறேன். 900 விஏ இன்வெர்ட்டர்னா நிஜத்துல 700 வாட்ஸ் சுமார்தான். எந்த பிளக் இன்வெர்ட்டர் லைன்ல இருக்குன்னு வீட்ல எல்லாருக்கும் தெரியாது, கரண்ட் போனப்போ ஊர்லேர்ந்து வந்த மாமா அங்க அயர்ன் பாக்ஸை சொருகுவாரு, அது கத்தும். அந்த பிளக் மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடுங்க. ஃபேன் மட்டும் கொர்ருன்னு உறுமுனா ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், ஃபேன்ல தப்பில்ல.

வெளிநாட்டுலேர்ந்து வந்த சாமான்

துபாய், சிங்கப்பூர், மலேசியாலேர்ந்து வர்றதுல வோல்டேஜ் பிரச்சினை பெருசா கிடையாது, 50 ஹெர்ட்ஸ், நம்மளோட ஒத்துப் போகும். பிளக் மட்டும்தான் சதுரமா மூணு தட்டைப் பின், அதுக்குள்ளயே 13 ஆம்ப்ஸ் வரைக்கும் ஒரு ஃப்யூஸ். தொங்குற அடாப்டர் போடுறதுக்கு பதிலா பிளக்கை வெட்டிட்டு நம்ம 16 ஆம்ப்ஸ் டாப் மாட்டுறது நல்லது. வயர் கலர் மட்டும் கவனம், அங்க பிரவுன் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கோடு எர்த். நம்ம பழக்கத்துல சிவப்பு, கருப்பு, பச்சை.

அமெரிக்க சாமான் வேற. அங்க 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஸ்டிக்கர்ல 100-240னு இருந்தா, லேப்டாப், போன் சார்ஜர் எல்லாம் அப்படித்தான், தைரியமா சொருகலாம். 120 மட்டும் போட்டிருந்தா அடாப்டர் உதவாது, ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும், அதுவும் அந்த சாமானோட வாட்ஸுக்கு மேல தாங்குறதா. அப்படியும் சில மோட்டார் சாமான் 50 ஹெர்ட்ஸ்ல மெதுவாத்தான் சுத்தும். எதிர்த் திசையிலயும் இதே சிக்கல்தான், இங்கிருந்து அமெரிக்கா போற பொண்ணுக்கு மிக்ஸி குடுத்து விடுறவங்க கடையில 110 வோல்ட் மிக்ஸின்னு கேட்டு வாங்குங்க, நம்ம சாதா மிக்ஸி அங்க சட்னியை நாள் முழுக்க கிண்டிட்டு இருக்கும்.

எங்க அண்ணன் அமெரிக்காலேர்ந்து வந்தப்போ ஆசையா ஒரு ரைஸ் குக்கர் கொண்டு வந்தாரு, 500 வாட்ஸ், 120 வோல்ட். ஏர்போர்ட்ல வாங்குன அடாப்டர் அழகா பொருந்துச்சு. வோல்டேஜ் ரெட்டிப்பானா சூடு நாலு மடங்கு பக்கம் ஏறும், 500 வாட்ஸ் குக்கர் 1800 வாட்ஸ் ஆச்சு, அரிசி கொதிக்குறதுக்கு முன்னாடியே அடியில டப்புன்னு ஒரு சத்தம், ஒரு கோடு புகை. பாத்திரம் மட்டும் கனமா நல்லா இருந்ததால அம்மா அதை தூக்கிப் போட விடல, இப்போ அதுலதான் இட்லி அரிசி ஊற வைக்குறாங்க.